நின்ன மோட்டார் தானா ஓடலாமா?

நின்னு போன எந்திரம் எதுவும், கரண்ட் திரும்பி வந்ததும் தன் இஷ்டத்துக்கு ஓட ஆரம்பிக்கக் கூடாது. இதைக் கிணத்து மோட்டாரைப் பத்திச் சொன்னா எங்க பக்கம் எல்லாரும் தலையாட்டுவாங்க. கம்ப்யூட்டரைப் பத்திச் சொன்னா மட்டும், "அதுல என்ன அண்ணாச்சி இருக்கு, சவுண்டைக் குறைச்சுட்டுப் போங்க"ன்னு சிரிக்கிறாங்க. எனக்கு ரெண்டும் ஒரே விவகாரமாத்தான் தெரியுது. அதனால இன்னைக்கு வெள்ளாமையைக் கொஞ்சம் ஓரமா வச்சிட்டு இதை எழுதுறேன். ஓரமா வச்சாலும் மோட்டார் ரூம் வரைக்கும் ஒரு நடை போய்த்தான் ஆகணும், பொறுத்துக்கோங்க.

விஷயம் இதுதான். ராத்திரி கம்ப்யூட்டர்ல பத்துப் பதினைஞ்சு டேப் திறந்து வச்சிருக்கீங்க. கரண்ட் போயிருது. இல்லைன்னா, உங்க ஆபீஸ் லேப்டாப் மாதிரி, அப்டேட் போட்டுட்டு அதுவா ஒரு தடவை ஆஃப் ஆகி ஆன் ஆகுது. பிரவுசர் திறந்ததும் நேத்து விட்ட டேப் எல்லாம் வரிசையா வந்து நிக்குது. அது நல்லதுதான். ஆனா அதுல ஒண்ணு, எதுன்னே தெரியாத ஒண்ணு, வாயைத் திறந்து கத்த ஆரம்பிக்குது. நீங்க யாரும் அமுக்கல. யாரும் கேக்கல. அதுவா ஓடுது.

எங்க தோட்டம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல, மலையைப் பார்த்து உள்ளே போகணும். தென்னை, கொஞ்சம் மா, தண்ணி இருந்தா ஒரு போகம் நெல்லு. கிணத்து மேட்டுல மோட்டார் ரூம். உள்ளே சுவத்துல ஒரு இரும்புப் பெட்டி, அதுதான் ஸ்டார்ட்டர். ஒரு பச்சை பட்டன், ஒரு சிவப்பு பட்டன். டவுன்ல இருக்கிறவங்க நிறையப் பேர் இதைப் பெரிய சுவிட்ச்னு நினைக்கிறாங்க. வீட்டுல ஃபேன் சுவிட்சைப் போட்டு விட்டா, கரண்ட் போய் வந்ததும் ஃபேன் தானா சுத்தும். ஸ்டார்ட்டர் அப்படிச் சுத்த விடாது. உள்ளே நோ-வோல்ட் காயில்னு ஒண்ணு இருக்கு. பச்சையை அமுக்கினா அந்தக் காயிலுக்கு கரண்ட் போய், அது காந்தமா மாறி, கான்டாக்டை இழுத்துப் பிடிச்சுக்கும். கையை எடுத்தாலும் பிடி விடாது, ஏன்னா காயிலுக்கு வர்ற கரண்டும் அதோட சேர்ந்து ஒட்டுற இன்னொரு கான்டாக்ட் வழியாத்தான் வருது. கரண்ட் போச்சா, காந்தம் செத்துரும், ஸ்பிரிங் எல்லாத்தையும் தள்ளி விட்டுரும். அப்புறம் கரண்ட் வந்தாலும் காயிலுக்குப் போற பாதை அறுந்து கிடக்கும். ஒரு ஆள் நடந்து வந்து பச்சையை அமுக்கினாத்தான் உண்டு.

எதுக்கு இத்தனை ஏற்பாடு? கரண்ட் போன நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு மோட்டாருக்குத் தெரியாது. மூணு ஃபேஸும் வந்திருக்கா, இல்ல ரெண்டுதான் வந்திருக்கா? ரெண்டு ஃபேஸ்ல மோட்டார் சுத்தாம உறுமிக்கிட்டே நின்னு கருகிரும். ராஜபாளையத்துல காயில் கட்டுற கடைக்குத் தூக்கிட்டு ஓடணும். ஃபுட் வால்வுல தண்ணி நிக்குதா? வாய்மடை அடைச்சிருக்கா, திறந்திருக்கா? எல்லாத்துக்கும் மேல, கிணத்துக்குள்ள ஆள் இறங்கியிருக்கானா? எங்க பக்கத்துல ஒருத்தர், கரண்ட் இல்லாத நேரம் பார்த்துத்தானே கை வைக்கிறோம்னு பெல்ட்டைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தார். கரண்ட் வந்துருச்சு. ரெண்டு விரல் போச்சு. அவருது ஆட்டோ ஸ்டார்ட்டர்.

ஆமா, எங்க ஆளுங்களே இந்த நோ-வோல்ட் காயிலை ஏமாத்த வழி கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. முன்ன பச்சை பட்டன்ல குச்சியைச் செருகி வைப்பாங்க. இப்ப ஆட்டோ பேனல் வந்துருச்சு; கரண்ட் வந்தா மோட்டார் தானா ஓடும். இதுக்கு நான் யாரையும் திட்ட மாட்டேன். மூணு ஃபேஸ் முறை வச்சு விட்ட காலத்துல ராத்திரி 2 மணிக்கு லைன் வரும். அந்நேரத்துல டார்ச்சை அடிச்சுக்கிட்டு வரப்புல நடந்தா, கட்டுவிரியன் கிடக்கும், பன்னி நிக்கும், மலையடிவாரத் தோப்புன்னா யானையே நிக்கும். ஒரு பட்டனை அமுக்க உசுரைப் பணயம் வைக்க முடியுமா? அதனால ஆட்டோ வேணும்னு கேக்கிறதுல நியாயம் இருக்கு.

ஆனா அதுக்கு ஒரு விலையும் இருக்கு. மோட்டார் கிளம்பும்போது, ஓடுறப்ப இழுக்கிறதைப் போல அஞ்சு ஆறு மடங்கு கரண்டை இழுக்கும். ஒரு டிரான்ஸ்பார்மர்ல 20 மோட்டார் இருக்குன்னு வைங்க. எல்லாம் ஆட்டோல கிடந்தா, லைன் வந்த நொடியில அது 100 மோட்டார் மாதிரி இழுக்கும். வோல்டேஜ் கீழே விழும், எந்த மோட்டாரும் ஒழுங்காக் கிளம்பாது, ஃபியூஸ் போகும், டிரான்ஸ்பார்மரே போனாலும் போகும். மகாராஷ்டிரத்துல மின் விநியோகக் கம்பெனியே விவசாயிகள்ட்ட 'ஆட்டோ ஸ்விட்சைக் கழட்டுங்க, கெப்பாசிட்டர் மாட்டுங்க'ன்னு திரும்பத் திரும்பக் கேட்டிருக்கு. நல்ல பேனல்ல இப்ப டைமர் வச்சிருக்கான். லைன் வந்து இத்தனை செகண்ட் கழிச்சுத்தான் கிளம்பணும்னு திருப்பி வச்சுக்கலாம். இன்னொண்ணும் கவனிங்க. பேனல் முகத்துலேயே ஒரு குமிழ் இருக்கும்: ஆட்டோ, மேனுவல். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனும் அதைத் திருப்பிருவான். இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

மோட்டார் மட்டும் இல்ல. ராஜபாளையம் மில்லு ஊரு. 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா முதல் மில்லை ஆரம்பிச்சதுல இருந்து இந்த ஊர்ல வீட்டுக்கு ஒருத்தராவது நூலைத் தொட்டவங்கதான். மில்லுல வேலை பார்த்த யாரையாவது கேளுங்க. கரண்ட் போய் வந்தா ரிங் பிரேம் எல்லாம் ஒண்ணா மூச்சு விட்டுக் கிளம்பாது. ஒவ்வொண்ணா ஓட்டி விடணும்; சைடர் ஓடி ஓடி அறுந்த இழையை ஒட்டணும். கல்யாண வீட்டு மைக்செட்காரரையும் பாருங்க. கரண்ட் போனதும் அந்த மனுஷன் செய்யிற முதல் வேலை வால்யூமைச் சைபருக்குக் கொண்டு வர்றது. கரண்ட் வந்ததும் ஆம்ப்ளிஃபயரை ஆன் பண்ணி, ஒரு நிமிஷம் விட்டு, மெதுவாத் திருப்புவார். இல்லைன்னா குழாயோட யூனிட் போயிரும். எட்டாப்பு படிச்ச மைக்செட்காரருக்குத் தெரிஞ்சது, இத்தனை படிச்சவங்க செஞ்ச பிரவுசருக்கு ஏன் தெரிய மாட்டேங்குதுன்னுதான் எனக்கு ஆத்தாமை.

சத்தத்தால என்ன பெரிசாக் கெட்டுப் போச்சுன்னு கேக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்.

எங்க பெரியப்பா தவறி மூணாம் நாள். துட்டி வீடுன்னா எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. வந்தவங்க போயிட்டாங்க, நெருங்கின சொந்தம் மட்டும் பட்டாசாலையில பாயைப் போட்டுப் படுத்திருக்கு. பேரனோட கம்ப்யூட்டர் அதே இடத்துல ஓரமா. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்க சாயங்காலம் அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஒன்பதரைக்குக் கரண்ட் போச்சு. எல்லாரும் அப்படியே கண்ணசந்துட்டாங்க. பெரியம்மா மூணு நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் கொஞ்சம் தூங்குது. பதினோரு மணிக்குக் கரண்ட் வந்துச்சு. கம்ப்யூட்டர் தானா ஆன் ஆச்சு, பிரவுசர் தானாத் திறந்துச்சு, டேப் எல்லாம் வந்துச்சு, அதுல ஒண்ணுல இருந்து நகைக்கடை விளம்பரம். நாதஸ்வரம், தவில், கெட்டிமேளம். பெரியம்மா எந்திரிச்சு உக்காந்து, "ஏய்யா, யாரு வீட்டுலய்யா கல்யாணம்?"னு என்னைக் கேட்டுச்சு. அரைத் தூக்கத்துல கேட்டது. கேட்டு முடிச்சதும் அதுக்கே எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. பேரன் எந்த டேப்னு தேடித் தேடிப் பார்த்துட்டு, கடைசியில பிளக்கைப் பிடுங்கினான். அப்புறம் விடிய விடிய யாரும் தூங்கல.

இதுல யார் தப்பு? தனித் தனியாப் பார்த்தா ஒருத்தருமே தப்புப் பண்ணல, அதுதான் இதுல உள்ள விசித்திரம். கரண்ட் வந்தா கம்ப்யூட்டர் தானா ஆன் ஆகுறது பயாஸ்ல இருக்கிற ஒரு செட்டிங். ஏசி பவர் போய் வந்தா ஆன் ஆகணுமா, ஆஃப்லேயே இருக்கணுமா, முந்தி இருந்த நிலைக்கே போகணுமான்னு மூணு வகை இருக்கும். சர்வர் வச்சிருக்கிறவனுக்கு அது அவசியம். பாஸ்வேர்ட் இல்லாதது வீட்டுக்காரங்க வசதி. கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் பிரவுசர் திறக்கிற மாதிரி வச்சது பேரன் வசதி. பழைய டேப்பை மீட்டுத் தர்றது பிரவுசரோட உபகாரம். படத்தைத் தானா ஓட்டுறது அந்தத் தளத்தோட ஆசை. டிரான்ஸ்பார்மர்ல இருந்து வாய்க்கால் வரைக்கும் அஞ்சு மடை, அஞ்சும் திறந்து கிடந்தா தண்ணி நேரா வீட்டுக்குள்ளதான் வரும். இதுல எந்த மடையை அடைக்கிறதுங்கிறதுதான் கேள்வி.

டேப்பை மீட்டுத் தர்றதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். எங்களை மாதிரி கரண்ட் போய்ப் போய் வர்ற ஊர்க்காரனுக்கு அது பெரிய உதவி. தென்னையில ரூகோஸ் வெள்ளை ஈ வந்த புதுசுல, 2016-க்கு அப்புறம், என்ன செய்யன்னு தேடித் தேடி எத்தனையோ பக்கம் திறந்து வச்சிருந்தேன். ஒரு பக்கத்துல இரை விழுங்கிப் பூச்சி, ஒரு பக்கத்துல மஞ்சள் ஒட்டுப்பொறி, இன்னொண்ணுல கொப்பரை விலை. அது பாதியில மறைஞ்சு போனா மறுபடி தேடி எடுக்க எனக்கு அரை நாள் ஆகும். அதனால விட்ட இடத்தைப் பிரவுசர் ஞாபகம் வச்சுக்கட்டும். உழவு பாதியில நின்னா மாடு அந்தச் சால்லயே நிக்கலாம். ஆனா நான் போய் மேழியைப் பிடிக்காம மாடு தன்னால உழக்கூடாது. இடத்தை மீட்டுக் கொடு, ஓட்டத்தை மீட்காதே. ஸ்டார்ட்டர் செய்யிறதும் இதேதான். மோட்டார் அதே இடத்துல, பைப் அதே இடத்துல, தண்ணி மட்டும் பச்சையை அமுக்கின அப்புறம்.

பிரவுசர்காரங்க இதைப் பத்தி யோசிக்கலைன்னு சொல்ல முடியாது. எந்த டேப் கத்துதுன்னு காட்டுற சின்ன ஸ்பீக்கர் படத்தை குரோம் 2014 ஜனவரியில கொண்டு வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு டேப்பா மூடிக்கிட்டே போகணும், இருட்டுல சில்வண்டைத் தேடுற மாதிரி. ஃபயர்பாக்ஸ்ல 2015-ல அந்த ஸ்பீக்கரை அமுக்கினாலே வாயை மூடுற வசதி வந்துச்சு. 2017-ல ஆப்பிளோட சஃபாரி 11, சத்தத்தோட தானா ஓடுற படங்களை நிறுத்தி வச்சுது. 2018 ஏப்ரல்ல குரோம் 66 வந்தப்ப அவங்களும் ஒரு சட்டம் போட்டாங்க. ஃபயர்பாக்ஸ் 2019 மார்ச்சுல, 66-ம் பதிப்புல, சத்தமா ஓடுறதைத் தடுக்கிறதையே வழக்கமாக்கிருச்சு.

குரோம் போட்ட சட்டம் கொஞ்சம் வேடிக்கையானது. நீங்க ஒரு தளத்துல எவ்வளவு படம் பார்க்கிறீங்கன்னு அது கணக்கு வைக்கும். 7 செகண்டுக்கு மேல பார்த்திருக்கணும், சத்தம் இருந்திருக்கணும், அந்த டேப் முன்னாடி இருந்திருக்கணும், படம் 200-க்கு 140 பிக்சலை விடப் பெரிசா இருந்திருக்கணும். இப்படிக் கணக்கு ஏற ஏற, இந்தத் தளம் உங்களுக்குப் பிடிச்ச தளம்னு முடிவு பண்ணி, அதுக்குத் தானா ஓட அனுமதி கொடுத்துரும். அட்ரஸ் பார்ல குரோம், முக்காற்புள்ளி, ரெண்டு சாய்வுக்கோடு, மீடியா-என்கேஜ்மென்ட்னு அடிச்சுப் பார்த்தா உங்க கணக்கு உங்களுக்கே தெரியும். புதுசாப் பிரவுசர் போடுறவனுக்குக் கணக்கே இருக்காதே, அவனுக்கு என்ன? ஆயிரத்துக்கு மேல தளங்களை முன்கூட்டியே ஒரு பட்டியல்ல போட்டு, அதுகளை ஓட விட்டாங்க. பெரிய பண்ணைக்கு மட்டும் தனி லைன் இழுத்துக் கொடுத்த கதைதான்.

அடிக்கடி வர்ற மாமன் கதவைத் தட்டாம உள்ளே வரலாம், சரி. ராத்திரி பதினோரு மணிக்குத் துட்டி வீட்டுக்குள்ள மேளத்தோட வரலாமா? எனக்கு ஒரு தளம் பிடிக்கும்ங்கிறது ஒரு சேதி, இப்ப அது ஓடணும்ங்கிறது வேற சேதி. நேத்து பச்சையை அமுக்கினேங்கிறதுக்காக இன்னைக்கு மோட்டார் தானா ஓடலாம்னு எந்த வயர்மேனும் சொல்ல மாட்டான்.

இதே குரோம், கரண்ட் போய்த் திடீர்னு செத்துட்டு மறுபடி திறக்கும்போது, ஓரமா ஒரு பெட்டியைக் காட்டி, பக்கங்களை மீட்கவான்னு கேக்கும். அதைப் பார்த்தப்ப எனக்குச் சந்தோஷம், அட, பச்சை பட்டன்! ஆனா அது டேப்புக்குப் போட்ட பட்டன், சத்தத்துக்கு இல்ல. அமுக்கினா எல்லாம் மொத்தமா வரும். ஒழுங்கா மூடித் திறந்தா, 'விட்ட இடத்துல இருந்து தொடரு'ன்னு செட்டிங் வச்சிருந்தா அந்தக் கேள்வியும் கிடையாது.

தளக்காரங்க ஏன் ஓட்டுறாங்கன்னும் பார்க்கணும். விளம்பரக் கணக்குதான். படத்துல பாதியாவது திரையில தெரிஞ்சு, தொடர்ந்து 2 செகண்ட் ஓடினாலே அது பார்க்கத்தக்க விளம்பரம்னு அமெரிக்காவுல மீடியா ரேட்டிங் கவுன்சில் அளவு வச்சிருக்கு. ஃபேஸ்புக் 3 செகண்டையே ஒரு பார்வைன்னு எண்ணுச்சு. நீங்க தலையைத் தூக்கி எதுடா கத்துதுன்னு தேடுற நேரத்துல அவனுக்குக் கணக்கு முடிஞ்சுது. செலவு யாருக்கு? நான் போனை வச்சு நெட் எடுக்கிறவன், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. காலையில தானா ஓடுற படம் பாதியைக் குடிச்சிட்டா, சாயங்காலம் மார்க்கெட் விலை பார்க்க நெட் இருக்காது. எங்களுக்கு 1990-ல இருந்து விவசாய கரண்ட் இலவசம், மோட்டார் வீணா ஓடினாக் கைக்காசு போகாது, கிணத்துத் தண்ணிதான் போகும். இங்க கைக்காசே போகுது, அடுத்தவன் பட்டனை அமுக்கி.

இன்னொரு கூட்டம் இருக்கு, அவங்களை யாரும் நினைக்கிறதில்ல. கண்ணு தெரியாதவங்க கம்ப்யூட்டர்ல திரையை வாசிச்சுச் சொல்ற மென்பொருளைக் காதால கேட்டுத்தான் வேலை பார்க்கிறாங்க. அதுக்கு மேல இன்னொரு சத்தம் ஏறிட்டா, நிறுத்துற பட்டன் எங்க இருக்குன்னு தேடுற குரலே அவங்களுக்குக் கேக்காது. இதுக்காகவே 2008-ல டபிள்யூ3சி வெளியிட்ட வெப் விதிகள்ல, தானா வர்ற சத்தம் 3 செகண்டுக்கு மேல போனா அதை நிறுத்தவோ குறைக்கவோ வழி இருக்கணும்னு எழுதி வச்சிருக்கு. அதுவும் அடிப்படை விதிகள்லேயே. நம்ம நாட்டுல கோயில் குழாய்க்கும் கட்சிக் குழாய்க்கும் 2000-ல போட்ட ஒலி மாசு விதி இருக்கு, ராத்திரி 10-ல இருந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு. தெருவுல வைக்கிற குழாய்க்கு நேரம் உண்டு, வீட்டுக்குள்ள வைக்கிற குழாய்க்கு நேரமும் இல்ல, ஆளும் இல்ல.

இப்போதைக்கு என்ன செய்யலாம்னா, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். ஃபயர்பாக்ஸ்ல செட்டிங்ஸ்குள்ள பிரைவசி அண்ட் செக்யூரிட்டி போய், பெர்மிஷன்ஸ்ல ஆட்டோபிளேன்னு இருக்கும். வழக்கமா சத்தத்தை மட்டும் தடுக்கிற மாதிரி இருக்கும். அதைச் சத்தமும் படமும் ரெண்டையும் தடுக்கிற மாதிரி மாத்திருங்க, நெட்டும் மிச்சம். பழைய டேப்புகளை அது நீங்க தொட்ட பின்னாடிதான் உயிர் கொடுக்கும், அதுவும் நல்லது. ஆனா கடைசியா முன்னாடி நின்ன டேப்பும், பின் குத்தி வச்ச டேப்பும் உடனே வந்துரும். அதனால நான் எந்திரிச்சுப் போகும்போது காலி டேப் ஒண்ணை முன்னாடி வச்சிட்டுப் போவேன். படுக்கப் போறதுக்கு முன்னாடி அடுப்பைப் பார்க்கிற மாதிரி ஒரு பழக்கம்.

குரோம்ல, கத்துற டேப் மேல ரைட் கிளிக் பண்ணினா 'மியூட் சைட்'னு வரும். 2018-ல இருந்து அது அந்தத் தளம் முழுசுக்கும் பூட்டு. வாய்தான் மூடும், கால் ஓடிக்கிட்டேதான் இருக்கும், படம் ஓடுற செலவு நிக்காது. ஓடுறதையே நிறுத்த செட்டிங்ஸ்ல ஒரு சாதாரண சுவிட்ச் குரோம் வைக்கல. ஆபீஸ்ல மொத்தமா நிர்வாகம் பண்றவங்களுக்கு மட்டும் ஆட்டோபிளேக்குனு ஒரு பாலிசி உண்டு. கம்பெனிக்குக் கொடுக்க முடிஞ்சதை எனக்குக் கொடுக்க என்ன வருத்தம்? விண்டோஸ்ல ரீஸ்டார்ட் ஆனதும் பழைய ஆப்புகளைத் தானாத் திறக்கிற ஒரு செட்டிங், அக்கவுண்ட்ஸ்ல சைன்-இன் ஆப்ஷன்ஸ்குள்ள இருக்கு. அதையும் அணைச்சு வைங்க. வீட்டுல வயசானவங்க, சின்னப் பிள்ளைங்க தூங்குற அறையில கம்ப்யூட்டர் இருந்தா, ராத்திரி ஸ்பீக்கரோட ஒயரைக் கழட்டிருங்க. இதைவிட நல்ல நோ-வோல்ட் காயில் எனக்குக் கிடைக்கல.

2018-ல குரோம் சட்டம் வந்தப்ப வெப்ல விளையாட்டு செஞ்சு வச்சவங்க சத்தம் போட்டாங்க. அவங்க பழைய விளையாட்டெல்லாம் ஊமையாப் போச்சுன்னு. நியாயமான வருத்தம். அவங்களுக்காக அந்தப் பகுதியைக் கொஞ்ச நாள் தள்ளி வச்சு, டிசம்பர்லதான் மறுபடி கொண்டு வந்தாங்க. தானா ஓடணும்னு விரும்புறவங்களும் இருக்காங்க. கை வராத ஒரு பெரியவருக்குக் காலையில ஆன் பண்ணினதும் ரேடியோ பாடணும்னா பாடட்டும். ஆட்டோவே கூடாதுன்னு நான் சொல்லல. ராத்திரி 2 மணி லைனுக்கு ஆட்டோ வச்சவனை நான் திட்டலையே. அவன் தானாப் போய்க் குமிழைத் திருப்பி வச்சான், திருப்புனது அவன் கை, குமிழ் இருக்கிறது பெட்டி முகத்துல. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேராவது சென்னையிலயும் பெங்களூர்லயும் மென்பொருள் வேலையில இருப்பீங்க, நம்ம பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. உங்க டீம்ல பிளேயர் பண்றவங்க, பிரவுசருக்கு வேலை பார்க்கிறவங்க யாராவது இருந்தா, ஒரு மீட்டிங்ல இதைச் சொல்லிப் பாருங்க: திரும்பத் திறந்த டேப்புல எந்தப் படமும் நின்ன நொடியிலேயே நிக்கணும், 14-வது நிமிஷத்துல விட்டேன்னா 14-வது நிமிஷத்துல. ஆட்டோ வேணுங்கிறவங்களுக்குக் குமிழ் வைங்க. அதை செட்டிங்ஸ்ல ஆறாவது படிக்குக் கீழ ஒளிச்சு வைக்காம, டேப் வரிசைக்குப் பக்கத்துலயே வைங்க. கலர் என்ன வைக்கலாம்னு ரொம்ப யோசிக்க வேண்டாம், எங்க ஆளுங்களுக்குப் பச்சையும் சிவப்பும் நல்லாத் தெரியும்.